ஸ்பூன் லூர் படத்தில் சாம்பலாகத் தெரிவது ஏன்?

கேள்வி: நானே செய்யும் தூண்டில் லூர்களை (மீனை ஈர்க்கும் போலி இரைகளை) விற்பனைக்காகப் படமெடுக்கிறேன். எல்இடி பட்டைகள் ஒட்டிய மடிப்பு ஒளிப்பெட்டி ஒன்று வாங்கினேன். வெள்ளிப்பூச்சுள்ள, கரண்டி வடிவ ஸ்பூன் லூர்கள் வெறும் சாம்பல் தகடாகத் தெரிகின்றன. மரத்தில் செதுக்கி வார்னிஷ் அடித்தவற்றின் முதுகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். இன்னும் வலுவான விளக்கு வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் பெட்டியில் வெளிச்சம் போதும், இருட்டுதான் போதவில்லை.

மெருகேற்றிய வெள்ளித் தகடு ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். நாலா பக்கமும் வெள்ளைத் துணி இருந்தால் வெள்ளையைக் காட்டும். நிழலும் விளிம்பும் இல்லாத அந்த வெள்ளை, படத்தில் மங்கிச் சாம்பலாகிவிடும். கறுப்பு அட்டையில் இரண்டு விரல் அகலப் பட்டைகள் இரண்டை வெட்டி, லூரின் நீளவாக்கில் இரு பக்கமும், படச்சட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். விளிம்பில் கருங்கோடு விழுந்ததும் தகட்டின் வளைவு எழுந்து நிற்கும். அட்டையை மெல்ல நகர்த்தினால் கோடும் கூடவே நகர்வதைத் திரையில் பார்க்கலாம். பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தால் அது உங்கள் கேமராவேதான். லூரைக் கொஞ்சம் சாய்த்தால் போய்விடும்.

வார்னிஷின் மேல் தெரியும் புள்ளிகள் எல்இடி பல்புகளின் பிரதிபலிப்பு. எல்இடி பட்டைக்கும் லூருக்கும் இடையே டிரேசிங் பேப்பரைக் கட்டுங்கள். பலர் அதைப் பட்டையின் மேலேயே ஒட்டிவிட்டு, பயனில்லை என்கிறார்கள். ஒரு சாண் இடைவெளி விட்டால்தான் ஒளி தாள் முழுவதும் பரவும்.

ஹாலோகிராம் தாள் ஒட்டிய லூர்களுக்கு இதே மென்மை பகை. பரவிய ஒளியில் அவற்றின் வானவில் மறைந்துவிடும். அவற்றுக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு சிறிய டார்ச்சைப் பிடித்து, நிறங்கள் தெறிக்கும் கோணம் வரும்வரை லூரைச் சுற்றிப் பாருங்கள்.

லென்ஸின் முன் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வாங்கும் யோசனை இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வார்னிஷ், பிளாஸ்டிக் பரப்புகளின் பளபளப்பை அது குறைக்கும், வெறும் உலோகத்திடம் அதன் வேலை நடக்காது. வார்னிஷிலும் பளபளப்பை முழுக்கத் துடைத்துவிட்டால் லூர் களிமண் பொம்மையாகிவிடும்.

ஒளிரும் மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் இன்னொரு தொல்லை. புற ஊதாவையும் நீல ஒளியையும் உறிஞ்சி அந்தச் சாயங்கள் ஒளிர்கின்றன. சாதாரண வெள்ளை எல்இடியில் புற ஊதா அநேகமாக இல்லை. அதனால் சோர்ந்து தெரியும். அவற்றைப் பகலில், வெளியே நிழலில் எடுங்கள். நிழலின் ஒளி நீலச்சாயல் கொண்டது என்பதால் சாம்பல் அட்டையை வைத்து கேமராவின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) சரிசெய்யுங்கள். கணினியில் நிறத்தைக் கூட்டி ஈடுகட்டினால், பொருள் கைக்கு வந்ததும் வாங்கியவர் சண்டைக்கு வருவார்.

மற்றவை எளிது. அறை விளக்கை அணையுங்கள். முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, 2 விநாடி டைமர். லென்ஸின் துளை எஃப்/8 முதல் எஃப்/11 வரை. எஃப்/16-ஐத் தாண்டினால் கூர்மை குறையத் தொடங்கும். குவியம் லூரின் கண்ணில் இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், ஆகவே ஒளியளவை 1 ஸ்டாப் (அதாவது இரு மடங்காக) கூட்டுங்கள். கைபேசியாக இருந்தால் சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். நெருங்கினால் தலை பெருத்து வால் சிறுத்துவிடும்.

கைரேகை படாமலிருக்கப் பருத்திக் கையுறை போடச் சொல்வார்கள். மும்முனை முள்ளில் கையுறை மாட்டி, லூரும் பின்னணியும் சேர்ந்து கவிழ்ந்த அனுபவம் எனக்கு உண்டு. முள்ளின் தண்டை இடுக்கியால் பிடித்து வையுங்கள், மென்துணியால் கடைசியில் ஒருமுறை துடையுங்கள். தொங்கும் முட்களின் அடியில் கடுகளவு ஒட்டுப்பசை வைத்தால் எல்லாம் ஒரே திசையில் நிற்கும்.