மானியம் வருமுன்னே வட்டி ஓடுகிறது!

கேள்வி: அந்தியூர் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் 4 ஏக்கர் இருக்கிறது. 3 ஏக்கரில் மஞ்சள். சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் பட்டா இன்னும் காலமான அப்பா பெயரிலேயே கிடக்கிறது. "முதலில் குழாயைப் போட்டுவிடு, மானியத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார் மனைவியின் அண்ணன். 3 ரூபாய் வட்டிக்கு 1.5 லட்சம் வாங்கி, 50,000-ஐ அவரிடம் கொடுத்தேன். மீதி வங்கியில் இருக்கிறது. செல்போனில் இயக்கும் வால்வையும் தவணையில் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? இரண்டு வருடம் முன்பு ரொட்டவேட்டர் என்ற உழவுக் கருவிக்கான மானியத்தை நம்பியும் கடன் வாங்கி வட்டி கட்டினேன்.

பதில்: வால்வை விடுங்கள். கைக்கு வராத மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்குகிறீர்களே, அதுவும் இரண்டாவது தடவையாக, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

1.5 லட்சத்துக்கு மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. அதில் ஒரு லட்சம் சும்மா வங்கியில் தூங்குகிறது. வங்கி அதற்கு மாதம் 200 ரூபாய் சொச்சம் தரும். நீங்கள் கட்டுவது 3,000. நாளைக்கே அந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் பத்திரத்தில் வரவு எழுதி வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. அரசு நிர்ணயித்த விலை வரம்புக்கு மேல் போனால்தான் கையிலிருந்து போட வேண்டும். மானியப் பணமும் உங்கள் கணக்குக்கு வராது. குழாய் போடும் நிறுவனத்துக்கே போகும். வயலைப் பார்த்து, திட்டம் போட்டு, பணி ஆணை தந்த பிறகுதான் குழாய் இறங்க வேண்டும். முன்கூட்டியே பதித்துவிட்டு பில்லோடு போய் நின்றால் தோட்டக்கலை அலுவலகத்தில் என்ன செய்வார்கள்?

ஆக, உங்களுக்குத் தடை பணமில்லை, பட்டா. வாரிசுச் சான்று எடுத்து இ-சேவையில் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள், பெரும்பாலும் இழுப்பது அங்கேதான். பட்டா வந்ததும் வட்டாட்சியரிடம் சிறு விவசாயி சான்று, அப்புறம் அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவு), நில வரைபடம், மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை. நாலைந்து மாதம் ஆகலாம், ஆகட்டும். இந்தப் போக மஞ்சள் வாய்க்கால் பாசனத்திலேயே வளரட்டும்.

செல்போன் வால்வா? 3 ஏக்கரில் வால்வைத் திருப்ப ஓர் ஆள் நடந்து போனால் போதும். உப்புத் தண்ணீரில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கழுவ எந்த ஆப்பும் வராது.

கடனில் மீதி 50,000-ஐ அடைக்க உடனே பணம் கிடைக்காவிட்டால், மனைவிக்குச் சம்மதமென்றால் மட்டும், இரண்டு பவுனை வங்கியில் வையுங்கள். வருடம் 9 சதவீதம் என்றாலும் மாதம் 375 ரூபாய்தான். இப்போது கட்டுவது 1,500. அண்ணனிடம் கொடுத்த பணத்தையும் மனைவியையே கேட்கச் சொல்லுங்கள். குழாய்க்கு ஆர்டர் போயிருந்தால் பில் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.