வேன் கூரையில் சோலார் பேனல்: கேள்விகளும் பதில்களும்

பயண வேன்களுக்கு மின்வேலை செய்வது என் தொழில். கோவையில் என் பட்டறைக்கு வருபவர்களும், கடிதம் எழுதுபவர்களும் கேட்ட கேள்விகளில் கூரைப் பேனல் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (ஈரோடு): டெம்போ டிராவலர் ஒன்றைப் படுக்கை, சிறு சமையலறையுடன் மாற்றி வருகிறோம். எத்தனை வாட் பேனல் வாங்க வேண்டும்?

பேனலைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் ஒரு தாளில் ஒரு நாள் செலவை எழுதுங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு 45 ஆம்பியர்-மணி வரை எடுக்கும். இருவருக்கு ஆளுக்கொரு சிறு மின்விசிறி, தலா 2 ஆம்பியர், எட்டு மணி நேரம் என்றால் 32. விளக்குக்கும் கைப்பேசிக்கும் 15 வைத்துக்கொள்ளலாம். ஆக 90 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல், அதைச் சுமார் 12.5 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 1,150 வாட்-மணி ஆகிறது.

இனி வரவு. பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் 100 வாட் என்ற எண், அதன் செல்கள் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் வேன் கூரை மீதுள்ள செல்கள் 65 டிகிரியை எளிதில் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும் என்பதால், சூட்டினால் மட்டுமே 15 விழுக்காடு போய்விடுகிறது. தூசி, ஒயர் இழப்பு ஆகியவற்றையும் கழித்தால் நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனல் சுமார் 340 வாட்-மணி தரும். உங்களுக்கு 400 வாட் போதும். வெயிலில்லாத இரண்டு நாள்களைச் சமாளிக்க 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வேண்டும். அது சுமார் 25 கிலோ இருக்கும். இதையே ஈய-அமில பேட்டரியில் செய்தால், பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 360 ஆம்பியர்-மணி தேவைப்படும், எடை நூறு கிலோவைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் வானம் மூடியிருக்கும். அப்போது எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்றும் டி.சி.–டி.சி. சார்ஜரும் இருந்தால்தான் குளிர்பெட்டி ஓடும்.

கேள்வி (நாகர்கோவில்): வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியை வேனுக்குள் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. ஓடும் வண்டியில் அமிலம் சிந்தும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். நீங்கள் உறங்கும் அறைக்குள் அதற்கு இடமில்லை.

கேள்வி (சேலம்): இரண்டு 200 வாட் பேனல்கள் உள்ளன. கண்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கருவி) வரை 5 மீட்டர். 4 சதுர மி.மீ. ஒயர் போதுமா?

இரண்டையும் இணையாக இணைத்தால் சுமார் 21 ஆம்பியர் பாயும். போய்வர 10 மீட்டர் செம்பில் 0.9 வோல்ட் வீணாகும். 18 வோல்ட் பேனலுக்கு அது 5 விழுக்காடு. தொடராக இணைத்தால் மின்னோட்டம் பாதியாகி, இழப்பு ஒரு விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடும். ஆனால் தொடர் இணைப்பில் இரு பேனல்களின் வோல்ட்டும் கூடுவதால், மின்னோட்டம் எடுக்காத திறந்த நிலையில் 46 வோல்ட் வரும். குளிரில் வோல்ட் இன்னும் ஏறும். பனி உறையும் ஊட்டிக் காலையில் அது 50 வோல்ட்டை நெருங்கும் என்பதால், 50 வோல்ட் வரம்புள்ள கண்ட்ரோலர் எரிந்துபோக வாய்ப்புண்டு. 75 அல்லது 100 வோல்ட் தாங்கும் எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் (பேனல் தரக்கூடிய அதிகபட்ச திறனைத் தேடி எடுக்கும் வகை) வாங்குங்கள். பெரும்பாலும் மரநிழலில் நிறுத்துபவராக இருந்தால், இணையாகவே இணைத்து 10 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள், ஒரு பேனல் மீது நிழல் விழுந்தாலும் மற்றது தன் வேலையைச் செய்யும்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு வேன் வந்தது. பேட்டரி ஒயர் தகரத்தில் போட்ட துளை வழியே, ரப்பர் வளையம் இல்லாமல் சென்றிருந்தது. ஓட்டத்தின் அதிர்வில் தகரத்தின் விளிம்பு உறையை அறுத்து, செம்பு வண்டியின் உடலைத் தொட்டுவிட்டது. ஃபியூஸ் இருந்தது, ஆனால் ஒயரின் மறுமுனையில், இன்வெர்ட்டர் பக்கத்தில்; அறுந்த இடத்துக்குப் பாய்ந்த மின்னோட்டம் அதைக் கடக்கவே இல்லை. படுக்கைப் பலகையின் அடிப்பகுதி ஒரு முழ நீளத்துக்குக் கரியாகியிருந்தது. பகலில் நடந்ததால் அந்தக் குடும்பம் பிழைத்தது.

கேள்வி (திருப்பூர்): 400 வாட் பேனலில் ஏசி ஓடுமா?

1 டன் ஏசி சராசரியாக 700 வாட் எடுத்தால், எட்டு மணி நேரத்துக்கு 5,600 வாட்-மணி. உங்கள் பேனல் ஒரு நாள் முழுவதும் தருவது ஏறத்தாழ 1,350. ஓடாது.

கேள்வி (சென்னை): கூரையில் துளை போட மனம் வரவில்லை. பசையால் ஒட்டிவிடலாமா?

உங்கள் தயக்கம் புரிகிறது. மழை ஒழுகும் கூரையைப் போன்ற தொல்லை வேறில்லை. இருந்தும் நான் போல்ட் போட்டே பொருத்துகிறேன். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 37 கிலோ. ஒரு 200 வாட் பேனலின் பரப்பும் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் 35 கி.மீ. எதிர்க்காற்று சேர்ந்தால் அது 70 கிலோவை எட்டும். அது முழுவதும் மேல்நோக்கித் தூக்காது என்றாலும், பிடிமானத்தை அந்தக் கணக்கில்தான் அமைக்க வேண்டும்.

மறுப்பு (மதுரை): ஐயா, மூன்று ஆண்டுகளாகப் பசையில்தான் என் பேனல் நிற்கிறது, 40,000 கி.மீ. ஓட்டிவிட்டேன். துளை போட்ட நண்பரின் கூரையில்தான் துரு ஏறியது.

நீங்கள் சொல்லும் இரண்டுமே நடக்கக்கூடியவை. பாலியூரிதேன் பசையின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை; பேருந்துகளின் முன்கண்ணாடியே அந்த வகைப் பசையில்தான் நிற்கிறது. ஆனால் கூரையில் அந்தப் பசை பெயிண்டைப் பிடிக்கிறது, பெயிண்ட்தான் தகரத்தைப் பிடிக்கிறது. பத்து ஆண்டு வெயில் தின்ற பெயிண்ட், அல்லது பட்டி பூசி மறுபெயிண்ட் அடித்த கூரை, பசைக்கு முன்பே விட்டுக்கொடுக்கும். உங்கள் வண்டியின் பெயிண்ட் நல்லதாக இருந்திருக்கலாம். அடுத்தவரின் பெயிண்ட் எப்படியென்று எனக்குத் தெரியாதபோது, ஒட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் நண்பரின் கூரையில் துரு ஏறியதற்குத் துளையைக் குறை சொல்ல முடியாது. வெட்டிய விளிம்பை அப்படியே விட்டதுதான் காரணமாக இருக்கும். துளையின் பிசிறை அரம் வைத்து ராவி, துத்தநாக பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகு துளைக்குள்ளும் சீலன்ட் நிறைத்து, உட்புறத்தில் உள்ளங்கை அளவு தகட்டுடன் ஸ்டெயின்லெஸ் போல்ட் முடுக்கினால் நீர் புகாது. நான் எட்டு ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பொருத்திய வண்டி, சென்ற ஆவணியில் வேறு வேலைக்காக வந்தது. உட்கூரையைக் கழற்றிப் பார்த்தபோது தகரம் வெள்ளையாகவே இருந்தது.

குறுக்கீடு (தஞ்சாவூர்): சிலிகான் சீலன்ட் மலிவாகக் கிடைக்கிறதே, ஒட்டுவதற்கு அது போதாதா?

போதாது. அது நீரைத் தடுப்பதற்கானது, சுமை தாங்குவதற்கானது அல்ல. புளிப்பு வாடை வீசும் வகை தகரத்தையும் அரிக்கும்.

மீண்டும் மதுரை: மழைநீர்க் காலில் (கூரை விளிம்பில் நீர் வடியும் தகர வாய்க்காலில்) கிளாம்ப் போட்டுக் குறுக்குச் சட்டம் அமைத்தால் துளையே வேண்டாமே?

இதை முழு மனத்துடன் ஏற்கிறேன். மழைநீர்க் கால் உள்ள வண்டிகளுக்கு அதுவே நல்ல வழி; பேனலுக்கும் கூரைக்கும் இடையில் காற்றோட்டமும் கிடைக்கும், சூடும் குறையும். துளையா பசையா என்று நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் கூரை அல்ல. நெடுஞ்சாலையில் பேனல் பெயர்ந்து பறந்தால், அது பின்னால் இரு சக்கர வண்டியில் வருபவரின் முகத்தில்தான் விழும்.

கேள்வி (வேலூர்): முக்கால் டன் ஏசி என்றால் ஓடுமா?

திருப்பூர் வாசகருக்கு எழுதிய கணக்கைப் பாருங்கள். ஓடாது.

கேள்வி (புதுச்சேரி): வளையும் பேனலைக் கூரையோடு ஒட்டினால் எடை குறையுமே?

எடை குறையும், ஆயுளும் குறையும். அடியில் காற்றில்லாமல் வெந்து, செல்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கண்ணாடிப் பேனலையே வாங்குங்கள்.

கேள்வி (டொராண்டோ): குளிர்காலத்தில் லித்தியம் பேட்டரிக்கு என்ன செய்வது?

செல்களின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் அவை நிரந்தரமாகக் கெடும். குளிரில் தானே சார்ஜை நிறுத்தும், சூடேற்றியும் உள்ள பேட்டரியை வாங்கி, வேனின் உட்புறத்தில் வையுங்கள். ஃபியூஸ் ஒரு சாணுக்குள் இருக்கட்டும்.

கேள்வி (திண்டுக்கல்): இரவில் மட்டும் ஏசி போட்டால்?

இது மூன்றாவது முறை. எட்டு மணி நேரக் கணக்கு இரவுக்கும் அதேதான். இனி ஏசி பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (கரூர்): கூரையில் பேனல் வைத்தால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டுமா?

இது என் துறை அல்ல. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (குன்னூர்): வீட்டு எம்.சி.பி.யை (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்சை) பேனலுக்குப் போடலாமா? பேனலை எப்படித் துடைப்பது?

எம்.சி.பி. போடாதீர்கள். வீட்டுக்கு வரும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் பொறி தானே அணையும்; பேனல் தரும் டி.சி.யில் (நேர்திசை) அது அணையாமல் நின்று எரியும். டி.சி.க்கென்று செய்த பிரேக்கர் கடையில் கிடைக்கிறது.

பேனலை விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, தண்ணீரும் மென்மையான துணியும் கொண்டு துடைக்க வேண்டும். சுட்ட கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழலாம். ஏறியது ஏறினீர்கள், நட்டுகளையும் பாருங்கள். பொருத்திய அன்றே ஒவ்வொரு நட்டின் மீதும் சட்டத்தின் மீதும் சேர்த்துப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால், அந்தக் கோடு முறிந்திருக்கும் இடத்தில் நட்டு தளர்ந்திருக்கிறது என்று கீழே இறங்கும் முன்பே தெரிந்துவிடும்.