வாடகை வீட்டு வாஷ்பேசினில் விரிசல்: ஒட்டுவதா, மாற்றுவதா, செலவு யாருடையது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் சில ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். குளியலறை வாஷ்பேசினில், சுவரையொட்டிய போல்ட் துளையிலிருந்து தண்ணீர் வடியும் துளை வரை விரிசல் விட்டுள்ளது. அதன்மேல் எதுவும் விழவில்லை. புதிய பேசினுக்கான பணத்தை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக வீட்டு உரிமையாளர் சொல்கிறார். எம்சீல் வைத்து ஒட்டினால் போதாதா?

பதில்: பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், விரிசல் எங்கே தொடங்கியது என்பதைப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். கனமான பொருள் விழுந்திருந்தால், விழுந்த இடத்தில் பளபளப்புப் பூச்சு சில்லாகப் பெயர்ந்து, அங்கிருந்து கோடுகள் பிரியும். வடிதுளையிலிருந்து மட்டும் கிளம்பும் கோடு, வடிதுளையில் பொருத்தும் குழாய் இணைப்பான வேஸ்ட் கப்ளிங்கின் நட்டை ரப்பர் வாஷர் இல்லாமல் இறுக்கியதால் வந்திருக்கலாம். ஓசூர்ப் பக்கத்துக் குளிரில், கொதிக்கக் கொதிக்க வெந்நீரைச் சில்லிட்ட பேசினில் ஊற்றுவதாலும் பீங்கான் விரிசல் விடும். உங்கள் பேசினிலோ விரிசல் போல்ட் துளையில் தொடங்குகிறது. பேசினைத் தாங்கச் சுவரில் பதித்த நீண்ட போல்ட்டான ராக் போல்ட் துருவேறித் தளர்ந்து, பேசின் முன்பக்கம் சாய்ந்து, பாரம் முழுவதும் அந்தத் துளையின் விளிம்பில் இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள்: துரு வழிந்த தடமும், டைலுக்கும் பேசினுக்கும் இடையே வெள்ளை சிமெண்ட் பெயர்ந்த இடைவெளியும் தென்பட்டால் ஐயமில்லை.

விரிசல் பூச்சோடு நிற்கிறதா, பீங்கானை ஊடுருவியதா என்பதையும் அறிய வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் படியும் உப்புக்கறை விரிசலை மூடி மறைத்துவிடுவதால், முதலில் எலுமிச்சைச் சாற்றால் கறையை நீக்குங்கள், ஆசிட் வேண்டாம். அடிப்பக்கத்தை நன்கு துடைத்து, தண்ணீர் நிரப்பி, விரிசலுக்கு நேர்கீழே செய்தித்தாளை ஒற்றிப் பாருங்கள். தாள் நனைந்தால் அது ஊடுருவிய விரிசல்.

துளைகளைத் தொடாத சிறு விரிசலுக்கு, ஈரமின்றிக் காயவைத்த அடிப்பக்கத்தில் எம்சீல் பூசுவது சிறிது காலம் தாங்கும். பாரம் தாங்கும் போல்ட் துளை வழியே ஓடும் விரிசலுக்கு அது உதவாது. அது கசிவை நிறுத்துமே தவிர, சுமையைத் தாங்காது. உடைந்த பீங்கானின் விளிம்பு கத்தி போல் வெட்டும். ஆகவே பேசினுக்குத் தண்ணீர் விடும், கீழே சுவரில் உள்ள சிறு வால்வை (ஆங்கிள் காக்) மூடிவிட்டு, பேசினை மாற்றும் வரை பயன்படுத்தாதீர்கள். குழந்தைகள் அதைப் பிடித்துத் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி செலவு. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வாஷ்பேசின் பழுதைக் குடியிருப்பவர் செய்ய வேண்டிய பணிகளில்தான் சேர்த்திருக்கிறது. உரிமையாளர் அதைக் காட்டினால் வியப்படைய வேண்டாம். ஆனால் அதே சட்டம், இயல்பான தேய்மானம் நீங்கலாகவே வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை விதிக்கிறது. துருப்பிடித்த போல்ட்டால் பேசினே உடைவதை அன்றாடப் பழுதாகக் கருத முடியாது என்பது என் கருத்து. வாடகை அதிகாரியிடம் முறையிட வழியுண்டு என்றாலும், ஒரு பேசினுக்காக அலைவது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். போல்ட், துரு, விரிசல் மூன்றும் தெரியும்படி எடுத்த படங்களை, பழைய பேசினைக் கழற்றுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பேசின் விலையை அவரும் பிளம்பர் கூலியை நீங்களும் ஏற்பதாகப் பேசிப் பாருங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

புதியதை வாங்கும்போது பழைய பேசினின் நீள அகலத்துடன், இரு போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து செல்லுங்கள். அது பொருந்தினால் டைலில் புதிய துளை போட வேண்டியிராது. பழைய ராக் போல்ட்டையே மீண்டும் பொருத்த பிளம்பர் முனைந்தால் சம்மதிக்காதீர்கள்.