பாயா, மெஷினா?

"வயது 42. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. பெரிய வலி இல்லை, ஆனால் கீழ்முதுகு இறுகிக் கிடக்கிறது. பிலாட்டீஸ் உடற்பயிற்சி பழகலாம் என்றால், 'முதலில் ஆறு மாதம் பாயில் செய், அது சுலபம். அப்புறம் ரிஃபார்மர் மெஷினுக்குப் போ' என்கிறாள் தோழி. மெஷின் வகுப்புக்குக் கட்டணமும் அதிகம். எதில் தொடங்கட்டும்?"

உங்கள் தோழி அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் பாய் சுலபம், மெஷின் கஷ்டம் என்ற கணக்கு பிலாட்டீஸில் பல நேரம் தலைகீழாகிவிடும்.

பாயில் செய்யும் 'ரோல் அப்' பயிற்சியையே பாருங்கள். மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, தலை, தோள், நடுமுதுகு என்று ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து பிரித்து எழ வேண்டும். நாள் முழுக்க உட்காருகிறவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். இறுகிய கீழ்முதுகு வளைய மறுக்கும், கால்கள் மேலே தூக்கிக்கொள்ளும், கடைசியில் வீசித்தான் எழ வேண்டியிருக்கும். அப்படி எழுந்தால் வயிற்றுத் தசை செய்ய வேண்டிய வேலையைத் தொடையும் இடுப்பும் செய்துவிடும். இதே அசைவை, கேடிலாக் என்ற கருவியில் ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்தால், உங்கள் எடையில் ஒரு பங்கை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும்.

ரிஃபார்மரும் அப்படித்தான். ஸ்பிரிங் பூட்டிய, நகரும் பலகையில் மல்லாந்து படுத்து, கம்பியை மிதித்துத் தள்ளுவீர்கள். முதுகுக்கு முழுத் தாங்கல் உண்டு. தள்ளுவதைவிடத் திரும்பி வருவதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்பிரிங் இழுப்பதற்கு ஈடுகொடுத்துப் பலகையை மெதுவாகக் கொண்டுவர வேண்டும். விட்டுவிட்டால் 'டக்'கென்று மோதும், தவறு உங்கள் காதிலேயே கேட்கும். பாயில் இப்படி எச்சரிக்க எதுவும் இல்லை.

ஆனால் மெஷின் எப்போதும் கை கொடுக்கும் என்றும் நினைக்காதீர்கள். படுத்துத் தள்ளும்போது ஸ்பிரிங்கைக் குறைத்தால் வேலை லேசாகும். கைகளையும் கால்களையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க் நிலையில் குறைத்தால் பலகை நழுவி, வேலை கூடும். அதனால், ஒவ்வொருவரின் ஸ்பிரிங்கையும் பயிற்சியாளர் பார்த்து மாற்றுகிற அளவுக்குச் சின்ன வகுப்பாக இருக்க வேண்டும். கூட்டம் நிறைந்த ரிஃபார்மர் வகுப்பைவிட நல்ல பாய் வகுப்பே மேல் என்பேன்.

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் (1883–1967) பாய்ப் பயிற்சிகளையும் வகுத்தார், கருவிகளையும் வடிவமைத்தார். ஒன்றை முடித்தால்தான் இன்னொன்று என்றில்லை.

முடிந்தால், சில வகுப்புகள் மட்டும் ரிஃபார்மரில் தனியாகப் பயிற்சி எடுங்கள். முதுகு எப்படி இருக்க வேண்டும் என்பது உடம்புக்குப் பிடிபட்டதும் பாயில் தொடருங்கள். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் செய்ய முடிவது பாயின் பெரிய பலம்.

கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? சரி, பாயிலேயே தொடங்குங்கள். ரோல் அப்பை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தொடைகளின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் பின்னால் சாய்ந்து திரும்பி வாருங்கள், அது போதும். மெல்லிய யோகா பாய் முதுகெலும்பை உறுத்தும், 10 முதல் 15 மில்லிமீட்டர் தடிமனுள்ளதாக வாங்குங்கள்.

எலும்பு அடர்த்தி குறைவு என்று எப்போதாவது சொல்லியிருந்தாலோ, முதுகிலிருந்து காலுக்கு வலியோ மரமரப்போ இறங்கினாலோ, எந்த வகுப்பிலும் சேரும் முன் மருத்துவரைப் பாருங்கள். முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சிகளில் எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு, பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.