ரெசின் டீசல் எஞ்சின் மாடலில் பெயின்ட் உரிவது ஏன்?

ராமேஸ்வரம் அருகே கடலோர மண்டபத்தில் நீங்கள் செய்யும் 1:87 அளவு (அசலில் 87-ல் ஒரு பங்கு) ரெசின் ரயில் எஞ்சின் மாடலில் பெயின்ட் தோலாக உரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசைதான் காரணம். வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பு கலந்து, பழைய டூத்பிரஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து அலசுங்கள். வீட்டுக் கிணறு உப்பா? கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். ஓர் இரவு காய்ந்தபின் வெறுங்கை படக்கூடாது. பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் பெயின்ட் அடிக்கவும் கூடாது.

உப்புத்தாளை நனைத்தே தேய்க்கவும், ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து பெயின்ட் வெளுத்துவிடும். கடற்காற்று ஓய்ந்த, வெயில் ஏறிய நேரம் பார்த்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள்.