வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்குப் போகாமல் விட்டுவிடலாமா?

கேள்வி: கோவையில் அக்கவுண்ட்ஸ் வேலையில் நான்கு வருட அனுபவம் எனக்கு. போன வாரம்தான் ஒரு கம்பெனியில் வேலை உறுதியானது. இப்போது இன்னொரு கம்பெனி, வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறது. மாட்டேன் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பேசாமல் போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். ஆனால் மறுப்பதற்கு முன்னால் ஒன்று. ‘உறுதியானது’ என்கிறீர்களே, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துவிட்டதா? ‘செலக்ட் ஆயிட்டீங்க, லெட்டர் அனுப்புறோம்’ என்று போனில் சொன்னதோடு நிற்கிறது என்றால், வெள்ளிக்கிழமை போய் வாருங்கள். அப்படிச் சொன்ன பிறகு ஆள் எடுப்பதையே நிறுத்திய கம்பெனிகள் உண்டு. சம்பளமும் சேரும் தேதியும் எழுத்தில் வந்தால்தான் அது வேலை.

லெட்டர் வந்துவிட்டதா? சரி, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆள் எடுக்கும் வேலையிலேயே பல வருடம் இருந்ததால் சொல்கிறேன், ஒருவர் மறுத்தால் எங்களுக்குக் கோபம் வராது. அந்த நேரத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவோம். இரண்டு மேனேஜர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து அறையில் காத்திருக்க, உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப் என்று வரும்போதுதான் கோபம் வரும். அன்றைக்கு உங்கள் பெயருக்கு எதிரே ‘நோ ஷோ’ என்று ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்து அங்கேயே விண்ணப்பித்தாலும் அது அப்படியே இருக்கலாம்.

புது மெயில் போடாமல், அழைப்பு வந்த மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள். யார், எந்த வேலைக்கு என்று அவர்கள் தேட வேண்டியிருக்காது.

“வணக்கம். வெள்ளிக்கிழமை காலை 11 மணி நேர்முகத்துக்கு அழைத்ததற்கு நன்றி. இதற்கிடையே வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டேன். அதனால் வர இயலாது. அந்த நேரத்தை வேறொருவருக்குத் தர உதவியாக இருக்கும் என்று இப்போதே தெரிவிக்கிறேன்.”

இவ்வளவு போதும். எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் எழுத வேண்டாம். காய்ச்சல், ஊரில் துக்கம் என்றும் சொல்லாதீர்கள். ‘பரவாயில்லை, திங்கட்கிழமை வர்றீங்களா?’ என்பார்கள். அப்புறம் அதற்கு ஒரு பொய். ஒரே பாட்டியை இரண்டு முறை சாகடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போனில் அழைத்திருந்தால் போனிலேயே சொல்லிவிட்டு, பிறகு இதே மெயிலை அனுப்புங்கள்.

கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி மூலம் வந்த அழைப்பு என்றால் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் கொஞ்சம் இழுபறி இருக்கும். நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் கம்பெனியிடமிருந்து அவர்களுக்குக் காசு. பல ஒப்பந்தங்களில் அது வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது உங்களுடைய ஒரு மாதச் சம்பளம். ‘சும்மா ஒரு தடவை போய்ட்டு வாங்க’ என்று கேட்கத்தான் செய்வார்கள். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றால் மறுநாளும் போன் வரும். ‘இல்லைங்க, வேற இடத்துல சேரப்போறேன்’ என்று ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் உங்கள் ப்ரொஃபைலை அடிக்கடி திறந்து திருத்திக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். சமீபத்தில் உள்ளே வந்தவர்களைத்தான் நாங்கள் முதலில் வடிகட்டி எடுப்போம். ஆனால் ப்ரொஃபைலை அழித்துவிடாதீர்கள். புது இடத்தில் சேர்ந்து முதல் மாதச் சம்பளம் வரட்டும்.