வயதானால் வரும் மறதிக்கும் மறதி நோய்க்கும் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் அம்மாவுக்கு 68 வயது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், தம்பியோ "வயதானால் அப்படித்தான்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயதில்தான் தொடங்கியது. இப்போது 73. நான் மருத்துவர் இல்லை, சேலத்தில் அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் மகள்.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதையும், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் சட்டென்று வாயில் வராததையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவர் எத்தனையோ வருடம் கை பழகிச் செய்த வேலையைக் கவனியுங்கள்.

என் அம்மா அம்மாப்பேட்டையில் 22 வருடம் தட்டுவடை செட் விற்றவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு தட்டுவடையின், அதாவது மொறுமொறுப்பான தட்டையின், மேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவது. ஒரே நேரத்தில் ஆறு பேருக்குப் போடுவார். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் ஓடும்.

ஒரு நாள் மாலை நான் பக்கத்தில் இருந்தேன். சட்னி தடவி, காய் வைத்து மூடினார். கொடுப்பதற்குப் பதிலாக மேல் தட்டையைத் திறந்து, காய் மேலேயே மறுபடியும் சட்னி தடவினார். தறிக்குப் போகும் பையன் 100 ரூபாய் நீட்டினான். இரண்டு செட் 60 ரூபாய். மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு சிரித்தபடி என்னிடம் தந்து, "நீயே பார்த்துக் கொடு கண்ணு, இருட்டில் தெரியவில்லை" என்றார்.

நாங்கள் கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடியை மாற்றினோம்! தடுமாற்றத்தை அவர் மறைக்கிறார் என்பதே எனக்கு உறைக்கவில்லை. "போன வாரம்தானே சொன்னேன்?" என்று எத்தனை முறை கடிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. ஒரு சிறிய மருத்துவமனையில் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் வீணானது.

அந்த ஒரு வருடத்தை நீங்கள் இழக்க வேண்டாம். மறதி எல்லாமே அல்சைமர் என்ற மூளை நோய் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், தலையில் அடிபட்டு உள்ளே கசிந்த ரத்தம் ஆகியவையும் இதே மாதிரி காட்டும். இவற்றில் பலவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு, மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று உளறத் தொடங்கினால் அது வேறு விஷயம். சிறுநீர்த் தொற்றோ, உப்புச் சத்துக் குறைவோ, பக்கவாதமோகூட இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. அம்மாவிடம் மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னார்கள். அம்மா வட்டத்தை அழகாகப் போட்டார். 12 எண்களும் வலது பக்கமே நெருக்கியடித்து நின்றன. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து அல்சைமர் என்றார்கள். டொனெபெசில் என்ற மாத்திரை தந்தார்கள். அது நோயைக் குணமாக்காது, சிலருக்குச் சில காலம் தடுமாற்றத்தைக் குறைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

இந்த நோய் புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும், கல்யாணத்துக்குக் கட்டிய புடவையின் கரை நிறம் மறக்காது. இது புரிந்த பிறகுதான் என் கோபம் அடங்கியது. "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று விருந்தாளிகள் கேட்பதை நிறுத்தினேன். உங்கள் வீட்டிலும் நிறுத்துங்கள். அந்தக் கேள்வி அவரைக் கூசிப்போக வைக்கிறது.

அப்பா இறந்து வருடங்கள் ஆகின்றன. விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா, "அப்பா தறியிலிருந்து வந்தாரா?" என்பார். முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அன்றுதான் கேட்பதுபோல் அழுதார். இப்போது, "அப்பாவுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் அம்மா?" என்று கேட்கிறேன். கத்தரிக்காயில் தொடங்கி அரை மணி நேரம் பேசுவார், முகம் தெளிந்துவிடும். மாலையில் இந்தக் கலக்கம் கூடும் என்பதால் இருட்டும் முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறேன்.

தினசரி நாட்காட்டியில் தாள் கிழிப்பது அவர் வேலை. குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். அடுப்பு வேலை முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுகிறோம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் ஒரு முறை காணாமல் போனார். அவர் பிறந்த வீடு இருந்த, சேலத்தில் குகை என்று பெயர் கொண்ட பகுதியில், ஒரு டீக்கடைக்காரர் உட்காரவைத்து டீ கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு என் எண் எழுதிய அட்டை அவர் கழுத்துக் கயிற்றில் இருக்கிறது. வங்கிக் கணக்கு, நாமினி, உயில் இவற்றை அவர் புரிந்து கையெழுத்திடும் காலத்திலேயே முடித்துவிடுங்கள். கடை இல்லை, மாவு தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. டம்ளர் அடியால் அவர் அழுத்தும் தட்டை இன்றும் ஒரே அளவில் வருகிறது.

உங்களுக்கும் உறக்கம் வேண்டும். மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம். முதியோர் உதவி எண் 14567.

தம்பி விஷயம். என் தம்பி பெங்களூரில் இருக்கிறான், அவனும் நம்பவில்லை. பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் அம்மா நன்றாகத்தான் இருப்பார். நான் வாதாடுவதை விட்டு, "நான்கு நாள் வந்து இரு" என்றேன். மூன்றாம் நாள் விடியற்காலை இரண்டு மணிக்கு அம்மா தட்டுவடைக் கூடையைத் தேடிக் கிளம்பியபோது வாசலில் நின்று கையைப் பிடித்தவன் அவன்தான். அந்த வாரம் மருத்துவமனை வரிசையில் நின்று சீட்டு வாங்கியதும் அவன்தான். உங்கள் தம்பியையும் வரச் சொல்லுங்கள், இரவில் தங்கச் சொல்லுங்கள்.